சூடு வெளியேறும் வழி

பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த மேசைக் கணினியைத் தூசு நேரடியாக மெதுவாக்குவதில்லை. மெதுவாக்குவது சூடு. அந்தச் சூடு வெளியேறும் வழியைத் தூசு அடைக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு கேபினெட்டைத் திறப்பவருக்கு எங்கே நேரம் செலவிடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது தானே விளங்கும். மதர்போர்டின் மேல் படிந்திருக்கும் சாம்பல் நிறப் படலம் கண்ணை உறுத்தும். ஆனாலும் பெரும்பாலும் அது உடனடித் தீங்கு எதுவும் செய்வதில்லை. கண்ணில் படாமல் ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே அடைந்து கிடப்பதுதான் வேகத்தைத் தின்கிறது.

கணினிக்கு இந்தத் தொல்லை பிறவியிலேயே வந்ததன்று. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது எடுத்துக்கொண்ட மின்திறன் ஒரு வாட்டைத் தாண்டவில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 பிராசசர் ஹீட் சிங்க் ஏதுமின்றித் திறந்த முதுகோடு வேலை செய்தது. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பத்தை வெளியேற்றியபோது அதன் தலையில் அலுமினியத் தகடுகளும் சிறு விசிறியும் ஏறிவிட்டன. 2004 பிப்ரவரியில் வந்த பிரஸ்காட் வகைப் பென்டியம் 4இல் இந்த வளர்ச்சி ஓர் உச்சத்தைத் தொட்டது. ஒரு சதுர சென்டிமீட்டரை ஒட்டிய சிலிக்கான் பரப்பிலிருந்து, அதன் சில மாதிரிகளில், 115 வாட் வரை வெப்பத்தை அகற்ற வேண்டியிருந்தது. அதே பாதையில் அடுத்து வரவிருந்த தேஜஸ் என்ற பிராசசரை இன்டெல் 2004 மே மாதம் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டுக்கு இறங்கிவந்தது. நகலகங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினிகள் இந்தக் காலத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவை. அவற்றின் பிராசசர்கள் காற்றை நம்பியே உயிர் வாழ்கின்றன.

காற்று போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் வெளியிட்ட காணொளி உலகுக்குக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட் சிங்க்கை அப்படியே கழற்றி எடுத்தார்கள். அன்றைய ஏஎம்டி அத்லான் நொடிப் பொழுதில் கருகிப் புகைந்தது. பென்டியம் 4 மட்டும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் வெப்ப உணரியும், சூடு எல்லையைத் தொட்டதும் கடிகாரத் துடிப்பை விட்டுவிட்டு நிறுத்தும் சுற்றும் இருந்ததுதான் காரணம். பின்னர் வந்த கோர் 2 டுவோ இதையே இன்னும் நயமாகச் செய்தது. ஈ6600 என்ற மாதிரி எல்லையைத் தொட்டதும் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.6க்கு இறங்கும், சூடு தணிந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்பும். அதையும் மீறிச் சூடு ஏறினால் கணினி தானே அணைந்துவிடும்.

இந்தத் தற்காப்பு பெரிய வரம். ஆனால் நோயை மறைப்பதும் இதுவே. கருகிப் போகும் பிராசசர் தன் துன்பத்தை உரக்கச் சொல்லிவிடுகிறது. வேகம் குறைத்துக்கொள்ளும் பிராசசர் எதையும் சொல்வதில்லை. திரையில் எச்சரிக்கை வருவதில்லை, பிழைச் செய்தி தோன்றுவதில்லை. கோப்பு திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, வீடியோ அவ்வப்போது திணறுகிறது, அவ்வளவே. வயதாகிவிட்டது என்று உரிமையாளர் முடிவுகட்டிவிடுகிறார். நல்ல கணினிகள் பல இந்தத் தவறான தீர்ப்பினால் எடைக்குப் போயிருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

தூசு வெப்பத்தை எவ்வளவு கூட்டும் என்பதை எளிய கணக்கு ஒன்றால் காணலாம். ஹீட் சிங்க்கின் தரத்தை, ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று அளப்பார்கள். வாட்டுக்கு அரை டிகிரி என்று வைத்துக்கொண்டால், 65 வாட் பிராசசர் சுற்றியுள்ள காற்றைவிட 32 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். காற்று 35 டிகிரி என்றால் பிராசசர் 67. தகடுகள் அடைபட்டு அந்த அரை டிகிரி ஒரு டிகிரியாக மாறினால், அதே பிராசசர் 100 டிகிரியைத் தொடும். வேகத்தைக் குறைக்காமல் அதற்கு வேறு வழியில்லை. இதே அடைப்போடு 20 டிகிரி குளிரூட்டிய அறையில் அது 85இல் நின்று, குறையேதும் இல்லாததுபோல் வேலை செய்யும். மார்கழி முழுவதும் ஒழுங்காக ஓடிய கணினி கத்தரி வெயிலில் திடீரென்று தள்ளாடுவதும், மதியம் அணைந்து அணைந்து எழுவது இரவில் சரியாகிவிடுவதும் இதனால்தான். மென்பொருளில் கோளாறு தேடி விண்டோஸை மறுபடி நிறுவுபவர்கள், பகலுக்கும் இரவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை முதலில் கவனிப்பது நல்லது.

தூசு என்பது ஒரே பொருளன்று. மண் துகள், வாகனப் புகைக்கரி, மகரந்தம், மனிதத் தோலின் செதில், தலைமுடி, துணி இழை என எல்லாம் கலந்தது. ஊருக்கு ஊர் இதன் சேர்மானம் மாறும். திருப்பூரில் பின்னலாடைப் பஞ்சு. நகலகத்தில் காகிதத் துகளோடு டோனர் மாவு. கடலோர ஊர்களில் உப்பு. சமையலறையை ஒட்டிய அறையில் எண்ணெய்ப் பிசுக்கு. ஊதுபத்தி எரியும் கடையில் அதன் புகைப்படிவு. எண்ணெயும் புகையும் பசையாகச் செயல்படுவதால் அவை கலந்த தூசை வெறும் காற்றால் ஊதி எடுக்க முடிவதில்லை. உப்பு கலந்த தூசு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்த ஈரம் மதர்போர்டின் மெல்லிய செம்புத் தடங்களை அரிக்கத் தொடங்கும். மேலே கிடக்கும் படலம் பெரும்பாலும் தீங்கற்றது என்ற பொதுவிதிக்குக் கடற்கரை ஊர்கள் விலக்கு.

சூடான தகட்டில் தூசு எப்படி வந்து ஒட்டுகிறது என்பது யோசிக்க யோசிக்கச் சுவை கூடும் கேள்வி. சூடான பரப்பு நுண்துகளைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளவே செய்கிறது. சூடான பொருளைச் சுற்றித் தூசில்லாத இருண்ட இடைவெளி உண்டாவதை இயற்பியலாளர் ஜான் டின்டால் 1870இலேயே கவனித்து எழுதினார். சூடான பக்கத்து மூலக்கூறுகள் வேகமாக மோதுவதால் துகள் குளிர்ந்த பக்கம் நகர்கிறது. அப்படியானால் மெல்லிய மாவுத் தூசால் மட்டும் ஹீட் சிங்க் எளிதில் அடைபடாது. அடைப்பைத் தொடங்கிவைப்பவை இழைகள். தகடுகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. பஞ்சு இழையும் முடியும் அதைவிட நீளமானவை. முதல் இழை இரண்டு தகடுகளின் விளிம்பில் குறுக்கே விழுகிறது. அடுத்த இழை அதில் மாட்டுகிறது. இழைகள் வலையானதும், இதுவரை தடையின்றிக் கடந்துபோன மாவுத் தூசும் அதில் சிக்கத் தொடங்குகிறது. சிக்கச் சிக்க வலையின் கண்கள் சிறுக்கின்றன. சிறுகச் சிறுக இன்னும் நுண்ணியதையும் பிடிக்கின்றன. முதல் சில ஆண்டுகளில் ஏதும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசிச் சில மாதங்களில் நிலைமை கிடுகிடுவென்று மோசமாவதற்கு இதுவே காரணம். முடிவில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வைத்ததுபோல் ஒரு படுகை உருவாகியிருக்கும். விசிறியைக் கழற்றினால் அதை விரலால் முழுசாகத் தூக்கி எடுத்துவிடலாம்.

அந்தப் படுகை இரண்டு வகையில் கெடுக்கிறது. இழைகளுக்குள் அசையாமல் சிறைபட்ட காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி; அலுமினியம் கடத்துவதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது கடத்தாது. ஆனாலும் அதைவிடப் பெரிய கேடு காற்றோட்டம் நின்றுபோவது. கணினியில் உள்ள அச்சு விசிறிகள் நிறையக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் தள்ளப் பிறந்தவை. எதிரே சிறு தடை வந்தாலும் அவை தள்ளும் காற்று சட்டென்று குறைந்துவிடும். விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்க, அடியில் காற்றே இல்லாத நிலை இப்படி வருகிறது. இரைச்சல் கூடுவதுதான் நோயின் முதல் அறிகுறி; வேகம் குறைவது அதற்குப் பின்னர். இரைச்சலைக் கேட்ட அன்றே திறந்து பார்ப்பவருக்கு மற்றவை வருவதேயில்லை.

பாதிப்பு பிராசசரோடு நிற்பதுமில்லை. அந்தக் காலத்து இன்டெல் ஹீட் சிங்க்கின் விசிறி கீழ்நோக்கி ஊதுவது. தகடுகளைக் கடந்த காற்று பக்கவாட்டில் பரவி, பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியையும் அங்குள்ள மின்தேக்கிகளையும் குளிர்விக்கும். திரவம் கொண்ட மின்தேக்கியின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. தூசு அடைத்த ஹீட் சிங்க் பிராசசரை வெறுமனே மெதுவாக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மின்தேக்கிகள் சத்தமில்லாமல் ஆயுளை இழந்துகொண்டிருக்கின்றன. பிராசசர் குளிர்ந்தால் பழைய வேகத்துக்கு மீளும். தலை உப்பிய மின்தேக்கி மீளாது.

சுத்தம் செய்யும் வேலை அளவெடுப்பதில் தொடங்க வேண்டும். கணினி பத்து நிமிடம் கடுமையாக உழைக்கும்போது பிராசசரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்றவையும் லினக்ஸில் எல்எம் சென்சார்ஸும் இதைக் காட்டும். அறையின் வெப்பநிலையையும் அருகில் எழுதிவைப்பது அவசியம். இந்த இரண்டு எண்கள் இல்லாவிட்டால் பிறகு வரும் முன்னேற்றம் உண்மையா, ஆசை காட்டும் தோற்றமா என்று சொல்ல இயலாது.

பின்னர் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மீந்த மின்னூட்டம் வடியும். நிலமின் இணைப்புக்காகக் கம்பியைச் செருகியே வைத்து ஸ்விட்சை மட்டும் அணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மின் இணைப்பு மாறிக் கிடக்கும் பழைய வீடுகளில் ஸ்விட்சை அணைத்தும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். அங்கே அந்த யோசனை ஆபத்து. பிடுங்கிவிடுவதே சரி. நிலைமின்சாரத்துக்கு, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் போதும். விரலில் சுருக்கென்று தைக்கும் நிலைமின் பாய்ச்சல் சுமார் 3,000 வோல்ட் இருக்கும். நுண்சில்லுகளில் சில அதில் சிறு பங்குக்கே கெட்டுவிடும். மனிதருக்கு உறைக்காத பாய்ச்சலும் சில்லுக்கு உறைக்கும் என்பதால், தொட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடக் கூடாது.

வேலை மொட்டைமாடியிலோ தாழ்வாரத்திலோ நடக்க வேண்டும், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. சர்வீஸ் கடைகளில் புழங்கும் மின்சார ப்ளோயர் இதற்குப் பொருத்தமான கருவி. பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்து வரும்; அது வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையில் காற்று உரசி ஓடுவதால் நிலைமின்சாரம் ஏறும். அதைக் கேபினெட்டின் முன்பக்கச் சல்லடைக்கு வெளியிலிருந்து பயன்படுத்தலாம், மதர்போர்டின் அருகே கொண்டுபோகக் கூடாது. ஊதும்போது ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் காற்றில் விசிறி தன் இயல்புக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். சுழலும் மோட்டார் மின்னாக்கியாகவும் மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும்.

பொதுவான ஊதலுக்குப் பிறகு ஹீட் சிங்க்குக்கு வர வேண்டும். இந்த வேலையின் நெஞ்சு இதுதான். மற்றவற்றை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்ய வேண்டும். மேலிருந்து ஊதினால் படுகை இன்னும் உள்ளே இறுகும். விசிறியை மட்டும் கழற்ற முடிந்தால் கழற்றி, படுகையை எடுத்துவிட்டு, தகடுகளின் பக்கவாட்டிலிருந்து ஊதி, மெல்லிய பெயின்ட் பிரஷால் இடுக்குகளைத் துழாவினாலே பெரும்பகுதி முடிந்துவிடும். ஹீட் சிங்க்கையே கழற்றுவதற்குப் புதிய தெர்மல் பேஸ்ட் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றாமல் இருப்பதே மேல், ஏனெனில் ஒருமுறை பிரிந்த பழைய பசை மறுபடி ஒழுங்காகப் பொருந்தாது.

2004இல் வந்த இன்டெல்லின் 775 முனைச் சாக்கெட்டில் ஹீட் சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் கொண்டைகள் பிடித்திருக்கும். அவற்றின் தலையில் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். பல ஆண்டுச் சூட்டில் பிளாஸ்டிக் மொரமொரப்பாகியிருக்கும் என்பதால் முரட்டுத்தனம் ஆகாது. ஏஎம்டியின் ஏஎம்2, ஏஎம்3 சாக்கெட்டுகளில் வேறொரு கவனம் தேவை. அங்கே ஊசிக்கால்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. பசை காய்ந்து இறுகியிருந்தால் ஹீட் சிங்க்கை இழுக்கையில் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கணினியைச் சில நிமிடம் ஓட்டிப் பசையை இளக்கி, அணைத்தபின் ஹீட் சிங்க்கை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவித்து, அதன் பிறகே தூக்க வேண்டும். பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, நடுவில் அரைப் பட்டாணி அளவு புதுப் பசை வைத்தால் போதும். உலோகமும் உலோகமும் தொடாத நுண்பள்ளங்களை நிரப்புவதே பசையின் வேலை. அப்பி வைத்தால் அதுவே இடையில் ஒரு தடையாகும். திரும்பப் பொருத்தும்போது நான்கு கொண்டைகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்தி, மதர்போர்டின் பின்புறம் நான்கும் வெளிவந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகு சூடு அதிகமாகிவிட்டது என்று வரும் புகார்களில் இது முக்கியமான காரணம்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த மின்னூட்டத்தை மின்தேக்கிகள் கம்பியைப் பிடுங்கிய பின்னும் தாங்கி நிற்கக்கூடும். வெளியிலிருந்து விசிறியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊதி, எதிர்ப்பக்கம் தூசு வருவது நிற்கும்வரை தொடர்ந்தால் போதுமானது. எறும்புப் புற்றோ பல்லியோ தென்பட்டால் ஊதுவதோடு நிறுத்தாமல், அந்தப் பெட்டியைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ரேமின் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்ப்பது நம் சர்வீஸ் கடைகளின் பழைய கைவைத்தியம். கணினி பீப் ஒலியெழுப்பித் திரை இருண்டு நிற்கும்போது பல நேரம் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த முலாம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கனமே உள்ளது. தேய்க்கத் தேய்க்க அது போய்விடும், ரப்பர்த் துருவலும் சாக்கெட்டுக்குள் விழும். குறை எதுவும் இல்லாதபோது தேய்க்க வேண்டியதில்லை. ஆல்கஹாலால் ஒரு துடைப்பு போதும். ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காணப்படும் சிறு துளை காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வைத்தது. உள்ளே அதற்கு வடிகட்டி உண்டு. அதன்மேல் ஊதவும் கூடாது, அடைக்கவும் கூடாது.

இவ்வளவு செய்தும் சில கணினிகளில் வேகம் மாறாது. முதலில் எடுத்த அளவு சூடு எல்லையைத் தொடவில்லை என்று காட்டியிருந்தால் மாறாததே இயல்பு. ரேம் போதாமை, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் தயக்கம், கனத்துப்போன உலாவிகள் ஆகியவற்றைத் தூசு துடைத்துத் தீர்க்க இயலாது. அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றும் இன்னும் கொஞ்சம் ரேமும் சேர்ப்பதே வழி. சுத்தம் செய்வது கணினி பிறந்த நாளில் அதற்கு இருந்த வேகத்தைத் திருப்பித் தருகிறது. அதற்கு மேல் தருவதில்லை.

அந்த அளவு திருப்பித் தருவதும் சிறிய காரியமன்று. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸ், ரூடிகர் கூர் ஆகியோர் 2004 வாக்கில் வெளியிட்ட ஆய்வு, 17 அங்குலத் திரையோடு கூடிய ஒரு மேசைக் கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருளும் 1,500 கிலோ தண்ணீரும் குறைந்தபட்சம் செலவாகின்றன என்று கணக்கிட்டது. செய்யும்போதே செலவழிந்துவிட்ட பொருள் அது. கணினி எத்தனை ஆண்டு ஓடுகிறதோ அத்தனை ஆண்டுக்கும் பங்கு பிரிகிறது. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஒரு பிற்பகல் உழைப்பும் ஒரு குழல் தெர்மல் பேஸ்ட்டும் ஒரு கணினியை அந்தக் குவியலிலிருந்து சில ஆண்டு தள்ளி வைக்கின்றன என்றால், அந்தப் பிற்பகலைத் தயங்காமல் கொடுக்கலாம்.

மூடுவதற்கு முன் பக்கத் தகடு இல்லாமலே ஒருமுறை இயக்கி எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா, ஒயர் எதுவும் இறக்கையில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரியை மாற்ற இதுவே தருணம். பிறகு பக்கத் தகட்டை மூடி, அதே பத்து நிமிட உழைப்பைக் கொடுத்து, அதே இரண்டு எண்களைக் குறித்து ஒப்பிட வேண்டும். சூடு குறையும் என்று பக்கத் தகட்டைத் திறந்தே வைத்திருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது சில டிகிரி குறைத்தாலும் தூசையும் பல்லியையும் விரைவில் உள்ளே அழைத்துவரும். முன்னிருந்து பின்னோக்கிப் போகும்படி அமைத்த காற்றின் பாதையும் குலையும். பின்புறத்தில் கார்டு செருகும் இடங்களின் மூடித்தகடுகள் தொலைந்திருந்தால் அவற்றையும் அடைக்க வேண்டும். துணி உறை போடுபவர்கள் கணினியை அணைத்து, ஆறிய பிறகே போட வேண்டும்.

அடுத்த சுத்தம் எப்போது என்பதை நாள்காட்டியைவிட இடமே முடிவுசெய்கிறது. பஞ்சு பறக்கும் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சாலையை ஒட்டிய கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மாடி வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறையும் திறந்து பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் வெயில் ஏறும் முன், பங்குனியில் செய்வது சிறந்தது. கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரப் பலகையில், பின்புறச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தால் உள்ளே போகும் இழைகளும் முடியும் பாதியளவு குறையாவிட்டாலும் கண்டிப்பாகக் குறையும். முன்பக்கத்தில் வடிகட்டி பொருத்தியிருப்பவர்கள் அதை மாதந்தோறும் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு திரும்ப மாட்ட வேண்டும். அலசாத வடிகட்டி ஹீட் சிங்க்கில் நடந்த அடைப்பையே கேபினெட்டின் வாசலில் நடத்திவிடும்.